டிக்கெட் இல்லாத சுற்றுலா



சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லோரும் குழாயடிக்கு ஓடும் நேரத்தில் நீங்கள் இந்தத் தாள் முன்னால் நின்று படிக்கிறீர்கள் என்றால் முதலில் உங்களுக்கு ஒரு நன்றி. இப்போது ஒரு கேள்வி. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் நாள், எல்லா வகுப்பிலும் எல்லோரும் எல்லோரையும் கேட்கும் கேள்வி எது?

"லீவுக்கு எங்கே போனே?" இதுதானே!

ஊட்டி, கொடைக்கானல், பெங்களூரு, தீம் பார்க் என்று பதில் வரும். "நான் குதிரைச் சிலை பார்க்கப் போனேன்", "உடைந்துபோன பாலம் பார்க்கப் போனேன்" என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. ஆனால் உண்மையில் நான் போனது அங்கேதான்! அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு இடம் பார்க்கத் தகுந்ததா இல்லையா என்பதை டிக்கெட் விலை தீர்மானிக்கக் கூடாது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று கேளுங்கள்.

<b>எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை</b>

எங்கள் வீடு மந்தைவெளியில். அப்பா தி.நகரில் ஒரு துணிக்கடையில் சேல்ஸ்மேன். மற்றவர்களுக்கு லீவு நாள் என்றால் அப்பாவுக்கு அன்றைக்குத்தான் கூட்டம் அதிகம். தீபாவளி, பொங்கல் சமயத்தில் கேட்கவே வேண்டாம். அதனால் எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை, செவ்வாய்க்கிழமை அன்றுதான் வரும். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டமே கொண்டுவந்தார்கள். அந்தச் செய்தியை அம்மாதான் டி.வி.யில் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்கள். நாள் முழுக்க நிற்கிறவர் வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

இந்தக் கோடையில் தம்பி ஒரே அடம். "எல்லாரும் தீம் பார்க் போறாங்க, நாம மட்டும் போறதே இல்ல." அவன் மூன்றாம் வகுப்பு. அப்பா கணக்குப் போட்டுப் பார்த்தார். ஆளுக்கு ஆயிரத்துக்கு மேல் டிக்கெட், அதற்கு மேல் சாப்பாடு, போக வரச் செலவு. கணக்குப் போட்ட தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சரி, இந்த செவ்வாய்க்கிழமை நான் கூட்டிட்டுப் போறேன். நான் சொல்ற இடத்துக்கு" என்றார்.

2021-லிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். ஆக அம்மாவும் நானும் இலவசம். அப்பாவுக்கு ஒரு டிக்கெட், தம்பிக்கு அரை டிக்கெட். அம்மா இட்லியும் மிளகாய்ப்பொடியும் கட்டிக்கொண்டார்கள். வெயிலுக்கு முன்னால் காலை ஆறரைக்கே கிளம்பிவிட்டோம்.

<b>இரண்டு குதிரைகள்</b>

முதல் இடம் ஜெமினி. "இது தினமும் பார்க்கிற இடம்தானே!" என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அப்பா மேம்பாலத்துக்கு அருகில் இருக்கும் சிலையைக் காட்டினார். திமிறும் குதிரையை ஒரு மனிதர் பிடித்து நிறுத்தப் பார்க்கும் சிலை. பஸ்ஸில் அந்தப் பக்கம் எத்தனை முறை போயிருப்போம்! அது ஏன் அங்கே நிற்கிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

1973-ல் திறந்த அந்த மேம்பாலம்தான் சென்னையின் முதல் மேம்பாலம். அதன் பெயர் அண்ணா மேம்பாலம். ஆனால் முன்பு அங்கே இருந்த ஜெமினி ஸ்டூடியோவின் பெயரில்தான் இன்றும் எல்லோரும் கூப்பிடுகிறோம். குதிரைச் சிலையோ, குதிரைப் பந்தயத்தை ஒழித்ததன் நினைவாக வைத்தது. பந்தயத்தில் பணம் கட்டி எத்தனையோ குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்ததால் 1974-ல் அதை ஒழிக்கச் சட்டம் போட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. குதிரைப் பந்தயம் வெறும் சூதாட்டம் அல்ல, திறமை சம்பந்தப்பட்டது என்று 1996-ல் தீர்ப்பு வந்தது. ஆக, பந்தயம் திரும்பி வந்துவிட்டது. ஒழித்த சிலை மட்டும் அப்படியே நின்றது! பிறகு 2024-ல் குத்தகையை ரத்து செய்து கிண்டி பந்தய மைதானத்துக்கு அரசு சீல் வைத்தது.

"அப்ப யாருப்பா ஜெயிச்சது? ஆளா, குதிரையா?" என்று தம்பி கேட்டான்.

"ஐம்பது வருசமா இழுத்துட்டுதான் இருக்காங்கல. இன்னும் ஆட்டம் முடியல" என்றார் அப்பா. பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் கூடச் சிரித்துவிட்டார்கள். (அப்பாவுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். எங்களோடு பேசும்போது அந்தப் பேச்சு வந்துவிடும்.)

அடுத்து தீவுத்திடல் பக்கம், அண்ணா சாலையில் குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் மன்றோ சிலை. சர் தாமஸ் மன்றோ சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்தவர். 1827-ல் காலராவில் இறந்தார். லண்டனில் பிரான்சிஸ் சாண்ட்ரி என்ற சிற்பி செய்த சிலை கப்பலில் வந்து, 1839-ல் இங்கே நிறுவப்பட்டது. அப்பா, "அந்தச் சிலையில ஒண்ணு குறையுது. கண்டுபிடிக்கிறவங்களுக்கு பன்னீர் சோடா" என்றார்.

நாங்கள் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். கடைசியில் அம்மாதான் கண்டுபிடித்தார்கள். "கால் தொங்குதே! மிதிக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லையே!" ஆமாம், கால் வைக்கும் அங்கவடி கிடையாது. சேணமும் கிடையாது. சிற்பி மறந்துவிட்டார், அந்த வருத்தத்தில் உயிரையே விட்டுவிட்டார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. அது வெறும் கதை. அதே சிற்பி லண்டனில் நான்காம் ஜார்ஜ் மன்னருக்குச் செய்த குதிரைச் சிலையிலும் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. ஒருத்தர் ஒவ்வொரு முறையுமா மறப்பார்? அது அவருடைய பாணி. (இந்த லண்டன் விஷயம் பிறகு நான் நூலகத்தில் படித்துத் தெரிந்துகொண்டது. அப்பாவிடம் சொன்னபோது, "முப்பது வருசமா எல்லார்கிட்டயும் தப்பாச் சொல்லிட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார்.)

பன்னீர் சோடா அம்மாவுக்கு. ஆனால் குடித்தது தம்பி.

<b>உழைப்பாளர் சிலை அருகே இட்லி, பிறகு ஐஸ்</b>

மெரினாவில் உழைப்பாளர் சிலை பக்கம் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டோம். நாலு பேர் சேர்ந்து பாறையை நெம்பித் தள்ளும் சிலை. ராய் சவுத்ரி செய்தது. இந்தியாவில் முதல் மே தினத்தை 1923-ல் சிங்காரவேலர் கொண்டாடியது சென்னையில்தான். அதில் ஒரு கூட்டம் நடந்தது திருவல்லிக்கேணி கடற்கரையில். இதெல்லாம் நம் சமூக அறிவியல் பாடத்தில் வந்தால் மனப்பாடம் செய்து மறந்துவிடுவோம். மிளகாய்ப்பொடி வாசனையோடு கேட்டதால் எனக்கு மறக்கவில்லை.

பிறகு ஐஸ் ஹவுஸ். இன்று விவேகானந்தர் இல்லம். 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கிய இடம். ஆனால் அதற்கு முன்னால் அது என்ன தெரியுமா? அமெரிக்காவிலிருந்து வந்த ஐஸை வைக்கும் கிடங்கு! பிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி, அமெரிக்காவில் குளிர்காலத்தில் உறைந்துபோகும் குளங்களை அறுத்து, ஐஸ் பாளங்களை மரத்தூளில் பொதிந்து கப்பலில் அனுப்பினார். 1833-ல் முதல் கப்பல் கல்கத்தா வந்தது. சுமார் நாலு மாதப் பயணம். ஏற்றியது சுமார் 180 டன். வந்து சேர்ந்தது சுமார் 100 டன். சென்னைக் கிடங்கு 1842-ல் கட்டப்பட்டது. கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று ஊரிலும் இருந்த ஐஸ் கிடங்குகளில் இன்று மிஞ்சி நிற்பது நம் ஊரில் மட்டும்தான். பிறகு இங்கேயே இயந்திரத்தில் ஐஸ் செய்ய ஆரம்பித்ததும் அந்த வியாபாரம் நின்றுவிட்டது.

"நாம வாங்குற குச்சி ஐஸ் தெரு முனை தாண்டுறதுக்குள்ள உருகிடுது, அது எப்படிப்பா நாலு மாசம்?" என்றான் தம்பி. அதற்குப் பதில் சொல்ல அப்பா மரத்தூள், காற்று, வெப்பம் என்று ஒரு அறிவியல் பாடமே நடத்தினார். அப்பா பத்தாம் வகுப்புதான் படித்தவர்.

வெயில் ஏறிவிட்டது. மந்தைவெளி வழியில்தானே இருக்கிறது! வீட்டுக்கே வந்து சாப்பிட்டுத் தூங்கினோம். சுற்றுலாவின் நடுவில் வீட்டுக்கு வந்து தூங்கியவர்கள் நாங்கள் மட்டும்தான் இருக்கும்.

<b>கடற்கரையில் ஒரு வளைவும் உடைந்த பாலமும்</b>

சாயங்காலம் பெசன்ட் நகர். அங்கே மணலில் நிற்கும் வெள்ளை வளைவைச் சினிமாப் பாட்டுகளில் நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். நானும் அதன் முன்னால் இரண்டு விரலைக் காட்டிப் போட்டோ எடுத்திருக்கிறேன். அது ஏதோ அலங்காரத்துக்குக் கட்டியது என்றுதான் நினைத்திருந்தேன்.

அது ஒருவரின் நினைவுச் சின்னம். ஷ்மிட் என்ற டேனிஷ் மாலுமி, 1930 டிசம்பர் 30 அன்று, கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் அந்த இடத்துக்கு அருகில் மூழ்கி இறந்தார். தம்பி அந்த ஆங்கிலக் கல்வெட்டை எழுத்துக் கூட்டிப் படித்தான். படித்து முடித்ததும் அவன் கேட்டது: "அவருக்கு இங்க யாரைத் தெரியும்?"

யாரையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அதுதானே விஷயம்!

அங்கிருந்து மணலில் ஊரூர் ஆல்காட் குப்பம் பக்கம் நடந்து போய், தூரத்தில் நின்று உடைந்த பாலத்தைப் பார்த்தோம். அடையாறு கடலில் சேரும் இடத்தில், மீனவ மக்கள் அக்கரைக்குப் போய்வர 1967-ல் கட்டிய பாலம். பத்தே வருடத்தில், 1977-ல் ஆற்று வெள்ளத்தில் உடைந்தது. திரும்பக் கட்டவே இல்லை. பாதி ஆற்றுக்கு மேல் போய் அப்படியே நின்றுவிடுகிறது. சினிமாவில் சண்டைக் காட்சிக்கு வரும்.

இத்தாலியில் பைசா கோபுரம் என்று ஒன்று இருக்கிறது. அது நேராக நின்றிருந்தால் உலகமே போய்ப் பார்க்குமா? சாய்ந்ததால்தானே கூட்டம்! மாமல்லபுரத்தில் வெண்ணெய் உருண்டைப் பாறை சரிவில் உருளாமல் நிற்பதால்தானே நாமெல்லாம் அதைக் கையால் தாங்குவது போல போட்டோ எடுக்கிறோம்! இப்படித்தான் நானும் உடைந்த பாலத்தைப் பார்த்துச் சிரித்தேன். "எவ்வளவு காமெடியா நிக்குது!" என்றேன்.

அப்பா சிரிக்கவில்லை. "பாக்கிற நமக்கு அது வேடிக்கை. தினமும் அதுல நடந்து போனவங்களுக்கு? பாலம் போனதும் எல்லாரும் ஊரைச் சுத்தி மெயின் ரோடு பாலம் வழியாத்தானே போயிருப்பாங்க" என்றார்.

எனக்கு அப்போதுதான் ஒன்று புரிந்தது. வழியில் நின்று பார்த்த எல்லாமே அப்படித்தான். தூரத்திலிருந்து பார்த்தால் வேடிக்கை. பக்கத்தில் போய்க் கேட்டால் யாரோ ஒருவர் பட்ட கஷ்டம், யாரோ ஒருவர் செய்த தியாகம், யாரோ ஒருவர் போட்ட கணக்கு.

"உங்களுக்கு எப்படிப்பா இதெல்லாம் தெரியும்?" என்று கேட்டேன். அப்பா பத்தொன்பது வயதில் ஊரிலிருந்து வேலைக்கு வந்தாராம். கடைக்கு மேல் ஒரு அறையில் எட்டுப் பேர். வார லீவு நாளில் சினிமாவுக்குப் போனால் ஊருக்குப் பணம் அனுப்ப முடியாது. அதனால் காசு கேட்காத இடமாகப் பார்த்து நடந்தே போய்ப் பார்ப்பாராம். அங்கே டீக்கடைக்காரர், மீன் விற்கும் ஆயா, வாட்ச்மேன் என்று கண்ணில் பட்டவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வாராம். சென்னையை அப்பாவுக்குச் சுற்றிக் காட்ட யாரும் இல்லை. எங்களுக்கு இருந்தார்.

சுண்டல், மாங்காய் எல்லாம் சேர்த்து அன்றைய மொத்தச் செலவு 236 ரூபாய்.

<b>இப்போது உண்மை</b>

பள்ளி திறந்த முதல் நாள் என்னிடமும் கேட்டார்கள், "லீவுக்கு எங்கே போனே?" என்று. நான் சொன்ன பதில்: "ஈ.சி.ஆர். தீம் பார்க்." அதோடு விட்டேனா? வேவ் பூல், ராட்டினம், தலைகீழாகச் சுற்றியது, தம்பி பயந்து அழுதது என்று ஒரு படமே ஓட்டினேன்.

ஜூலையில் பெற்றோர் கூட்டம். அப்பா கடையில் ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டு வந்தார். என் பெஞ்ச் தோழி நல்ல மனசோடு அப்பாவிடம் ஓடிவந்து, "அங்கிள், அந்த வேவ் பூல் ரொம்ப ஆழமா இருக்குமா?" என்று கேட்டாள்.

அப்பா ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு அவளிடம், "ஆழமெல்லாம் இல்லம்மா. இடுப்பளவுதான்" என்றார்.

திரும்பிப் போகும்போது பஸ் ஸ்டாப் வரை அவர் ஒன்றும் பேசவில்லை. நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். பஸ் வருவதற்கு முன்னால் மெதுவாக ஒன்று மட்டும் கேட்டார்: "அந்தக் குதிரை நல்லா இல்லையா புள்ள?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரைதான் பதில்.

<b>என் கருத்துகள்</b>

தீம் பார்க் போகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கிடைத்தால் நானும் போவேன், வேவ் பூல் எத்தனை ஆழம் என்று நானே பார்ப்பேன்! நான் சொல்வது வேறு.

1. இனிமேல் "எங்கே போனே?" என்று கேட்பதற்குப் பதில் "என்ன பார்த்தே?" என்று கேட்போமா? முதல் கேள்விக்கு இடத்தின் பெயர்தான் பதில். பெயரில்லாத இடத்துக்குப் போனவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள், அல்லது என்னைப் போல் பொய் சொல்வார்கள். இரண்டாவது கேள்விக்கு எல்லோரிடமும் பதில் இருக்கும்.

2. சாலையோரச் சிலைகள், நினைவுச் சின்னங்கள் பக்கத்தில் தமிழில் நாலு வரி எழுதிய பலகை வேண்டும். யார், எப்போது, ஏன் என்று. மூன்றாம் வகுப்புப் பையன் எழுத்துக் கூட்டாமல் படிக்கிற மாதிரி, வெயிலில் நிற்கும் ஆள் ஒரு நிமிடத்தில் படித்து முடிக்கிற மாதிரி.

3. கல்விச் சுற்றுலா என்றால் பஸ் வாடகை, நபருக்கு இவ்வளவு என்று நோட்டீஸ் வரும். பணம் கட்ட முடியாதவர்கள் அன்றைக்குக் காய்ச்சல் என்று லீவு போடுவார்கள். இது நமக்கெல்லாம் தெரிந்த ரகசியம். வருடத்தில் ஒரு முறையாவது டிக்கெட் இல்லாத சுற்றுலா ஒன்று நடத்தினால் யாருக்கும் காய்ச்சல் வராது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. உடைந்த பாலத்தின் மேல் ஏறி செல்ஃபி எடுக்க வேண்டாம். ஆறும் கடலும் சேரும் இடத்தில் இழுப்பு அதிகம். பெசன்ட் நகர் கடலிலும் காலை நனைத்தால் போதும். அங்கே ஷ்மிட் நினைவுச் சின்னம் நிற்பதே அதைத்தான் சொல்கிறது. பெரியவர்கள் துணையோடு, வெளிச்சம் இருக்கும்போதே போய்விட்டுத் திரும்புங்கள்.

கீழே ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறேன். நூலில் பேனாவும் கட்டியிருக்கிறேன். (தயவுசெய்து பேனாவை எடுத்துப் போகாதீர்கள்!) உங்கள் தெருவில், உங்கள் பஸ் வழியில், காசு கேட்காத, ஆனால் நின்று பார்க்க வேண்டிய ஒன்றின் பெயரை எழுதுங்கள். காரணம் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். தெரியாவிட்டால் கேள்வியாக எழுதுங்கள். பதில் தெரிந்த யாராவது இந்தப் பக்கம் வருவார்கள். முதல் வரி நான் எழுதிவிட்டேன்: "ஜெமினி குதிரை. ரொம்ப நல்லா இருக்கு."

அடுத்த பெற்றோர் கூட்டம் வரை இந்தத் தாளைச் சுவரிலிருந்து எடுக்க வேண்டாம் என்று தமிழம்மாவிடம் கேட்டிருக்கிறேன். அப்பா கட்டாயம் வருவார். படிப்பார்.

சிந்திப்போமா நண்பர்களே?

— 9-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி